கோழி ஒப்பாரி

4-3-1934, ஞாயிறு

மாட வீதிக் குழாயில் இரண்டு குடம் பிடித்தேன். ஒரு குடம் போதும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அவர் காய்ச்சலில் போய் ஒன்பது நாள். இந்த எழுத்தே அவர் கற்றுக்கொடுத்ததுதான். “நாடகப் பாடம் படிக்கத் தெரியாத நடிகைக்கு நான் எப்படி ஆர்மோனியம் வாசிப்பது?” என்று திட்டித் திட்டியே கற்றுக்கொடுத்தார்.

5-3, திங்கள்

இன்றாவது எழுதிவிடுகிறேன்.

நாடகத்தில் என் கோழி செத்துப்போகும். மாரடித்து ஒப்பாரி வைப்பேன். பாட்டின் மூன்றாவது அடி முடிந்ததும் அவர் ஆர்மோனியப் பெட்டியில் ஒரு சுரத்தைக் கோழி கத்துகிற மாதிரி அமுக்குவார். நான் அழுகையை நிறுத்தி, இடப்பக்கம் திரும்பி அவரை முறைப்பேன். கொட்டகை அதிரும். பதினோரு வருஷம்.

அன்று அவரைக் கிடத்தியிருந்தபோது நிஜமாகத்தான் ஒப்பாரி வைத்தேன். மூன்றாவது அடியில் வாய் தானாக நின்றது. கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பியது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். எதிர்வீட்டு ஜானகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவர்கள் மேல் குற்றமில்லை. நான்தானே பழக்கினேன்? அதோடு என் அழுகை அடைத்துக்கொண்டது. இன்றுவரை ஒரு சொட்டு இல்லை. புருஷனுக்கு அழாத பொம்பளை — நான் இன்னா பொம்பளை?

12-3, திங்கள்

சனிக்கிழமை காரியம் முடிந்தது. இன்று கம்பெனி முதலாளி சந்திரமௌலி ஐயர் வந்தார்.

“முருகையன் போனது எனக்கும் கை ஒடிஞ்சாப்லதான், தேவானை. ஆனா ஜனங்கள் கோழி எங்கேன்னு கேட்டுண்டு எழுந்து போறா. வர்ற சனிக்கிழமை நீ வரலைன்னா உன் வேஷத்துக்கு வேற பொண்ணைப் போட்டுடுவேன்.”

யார் வந்தாலும் நன்றாகவே செய்வாள். ஆனால் அந்த ஒப்பாரி அவரும் நானும் கட்டியது. இன்னொருத்தி வாயில் கேட்க முடியாது. நானே பாடினாலும் மூன்றாவது அடியைத் தாண்டுவேனா?

வருகிறேன் என்றுவிட்டேன்.

ஜானகிக்குப் பொறுக்கவில்லை. “இன்னாக்கா, தாலிய கயட்டி ஒரு வாரம் ஆவல, அதுக்குள்ள மூஞ்சில சாயம் பூசிக்கினு நிக்கப் போறியா?”

“சாயம் இல்லாதப்பவே சிரிச்சியேடி” என்றேன். உள்ளே போய்விட்டாள்.

14-3, புதன்

ஒத்திகை. இப்போது பெட்டி வாசிப்பது பீர் முஹம்மது. “அந்த எடத்துல அண்ணன் இன்னாக்கா வாசிப்பாரு?”

தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி எழுந்து போய்விட்டேன்.

18-3, ஞாயிறு

நேற்று ஆட்டம். மூன்றாவது அடி. நின்றேன். திரும்பினேன். பீர் முஹம்மது பெட்டியிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறார். சத்தமில்லை.

அப்போது வந்தது. இருபத்திரண்டு நாள் அழுகை. சாயம் கரைந்து கழுத்தில் இறங்க இறங்க, ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தச் சத்தத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். அழுதேன். பிறகு நாலாவது அடியை எடுத்தேன்.

இறங்கியதும் பீர் முஹம்மது ஓடி வந்தார். “தப்பாயிடுச்சாக்கா? அடுத்த ஆட்டத்துல ஒரு சுரம் போட்டுடறேன்.”

“வேணாம் பாய். அந்த எடத்த அப்டியே உட்டுடுங்க.”

25-3, ஞாயிறு

நேற்றும் ஆட்டம். மூன்றாவது அடியில் திரும்பினேன். அழுகை வரவில்லை. முறைத்தேன் — பீர் முஹம்மதை இல்லை, அவரை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காலையில் ஒரு குடம்தான் பிடித்தேன்.