கால்வாயில் போன பேசின்

கெய்ரோ, வியாழன்

அம்மா, இறைவனின் அமைதி உன்மேல் இருக்கட்டும். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நேற்று கணக்கில் வாய்மொழித் தேர்வு. தோற்றால் விடுதி அறை போய்விடும் என்பதை உன்னிடம் சொல்லவில்லை. நேராக ஓடும் கால்வாய்த் தண்ணீருக்குள் சுழற்சி உண்டா என்று கேட்டார் பேராசிரியர். அவரிடமே காசு கொட்டித் தனிப்பாடம் படித்த பையன்கள், "இல்லை" என்றார்கள். நான் உண்டு என்றேன்.

"நேரா போற தண்ணி எங்கடா சுத்துது, தெற்கத்தியானே?" என்றார் பேராசிரியர்.

"எங்கம்மா பேசின் சுத்துச்சு, டாக்டர்."

எல்லோரும் சிரித்தார்கள். துணி துவைக்கும்போது உன் அலுமினியப் பேசின் நழுவிப் போனதே, நினைவிருக்கிறதா? நடுக்கால்வாயில் தண்ணீர் வேகம், கரையோரம் மந்தம். அதனால் ஒரு விளிம்பு முந்த, மறு விளிம்பு பின்தங்க, அது தன்னையே சுற்றிக்கொண்டு போனது. நீ அதைத் திட்டிக்கொண்டே கரையில் ஓடினாய். பலகையில் வரைந்து காட்டினேன். சிரிப்பு நின்றது. முழு மதிப்பெண்.

அவன்கள் காசு கொடுத்தும் பார்க்காததை உன் பக்கத்தில் நின்று சும்மாவே பார்த்திருக்கிறேன். நன்றி அம்மா.

நீ மாவை வெயிலில் பொங்கவைத்துச் சுடும் வெயில் ரொட்டி பத்து அனுப்பு. தனியாகத்தான் சாப்பிடுகிறேன், இருந்தாலும் பத்து அனுப்பு. நம்மூர்ப் பக்கம் வரும் சோஹாக் பஸ் டிரைவர் இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளக் கை நீட்டுகிறார். விலாசம் மாறவில்லை, அதே அறைதான்.

உன் ஷஹாத்தா