பச்சைத் தகட்டில் ஒரு நிழல்

இன்று காலை மருத்துவமனை வராந்தாவை ஒரு பெண் துடைத்துக்கொண்டிருந்தாள். வாளியிலிருந்து பினாயில் வாடை வந்ததும் என் பெயரைக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. சுற்றிலும் இருமலும் பேச்சும். எனக்கோ கண்முன் ஆற்றின் மேல் பனி இறங்கியிருந்தது. படகின் முன்பக்கம் நீ, மடி நிறையப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்களை அணைத்துக்கொண்டு. நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது, நம்ப முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் நமக்கு வேலை. வில்லியனூரில் நீ பஸ் ஏறுவாய், உறுவையாற்றிலிருந்து வரும் நான் உனக்கு இடம் பிடித்து வைத்திருப்பேன். மழைக்காலத்தில் ஒருநாள் பூரணாங்குப்பத்து அஞ்சலை மீன்கூடையோடு ஆய்வகத்துக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"இன்னிக்கிக் காலைல கழியில புடிச்சதுக்கா. கொழம்பு வெச்சா பினாயிலு வாசம் அடிக்குது. மருந்து போட்டு வெச்சிருக்கேன்னு சொல்றாங்க. எவளும் வாங்க மாட்றா. இன்னான்னு பாத்து சொல்லுங்க."

நீ ஒரு மீனை வாங்கி வேகவைத்தாய். அறை முழுவதும் அந்த வாடை. ஆனால் ஆறு கடலைச் சேரும் அந்தக் கழித் தண்ணீரில் வழக்கமான சோதனைகள் எல்லாம் செய்தும் எதுவும் பிடிபடவில்லை. பினாயில் வகையைக் காட்டும் சோதனைகூட நிறம் மாறாமல் நின்றது. "அந்த வகையில சிலது இந்தச் சோதனைக்குத் தலை காட்டாதுடி" என்றாய். "மீனுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியாம போவுமா?"

தண்ணீரை, அதில் கரைந்ததைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் ஈதரோடு குலுக்கினாய். ஈதர் பறந்த பிறகு மிஞ்சியதில் ஒரு சொட்டை வெள்ளைப் பூச்சுத் தகட்டில் வைத்தாய். கறுப்புத் துணி கட்டிய சிற்றறையில் புற ஊதா விளக்கைப் போட்டதும் தகடு முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தது, நிலவு விழுந்த வயல்போல. அதன் நடுவே, அந்தச் சொட்டு ஒளியை மறைத்த இடத்தில், ஒரு கரிய புள்ளி. நாம் இருவரும் அதையே பார்த்தோம். பெயர் தெரியாத ஒன்று நம்மைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அது எங்கிருந்து வருகிறது என்று தேடித்தான் அஞ்சலையின் புருஷன் படகில் போனோம். விடிந்தும் விடியாத வேளை. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். துடுப்புச் சத்தம் மட்டும்தான். வாய்க்கால் வந்து சேரும் இடத்திலெல்லாம் ஒரு பாட்டில் நிரப்பினாய். ஆய்வகத்துக்குத் திரும்பிச் சோதித்தபோது, ஆற்றில் மேலே போகப்போகப் புள்ளி கருத்தது. வில்லியனூர்ச் சாக்கடை ஆற்றில் விழும் இடத்தைத் தாண்டி எடுத்த தண்ணீருக்குத் தகடு வெறும் பச்சையாக நின்றது.

அடுத்த மழையன்று அந்தச் சாக்கடையோரமாகவே நடந்தோம். ஒரு சுவருக்கு அடியிலிருந்து எண்ணெய்ப் படலம் வானவில்லாக மின்னிக்கொண்டு வழிந்தது. நீ நின்றுவிட்டாய். அது, அத்தா என்று நீ கூப்பிடும் உன் அப்பாவின் கிடங்குச் சுவர். கம்பெனிகள் கழித்த ரசாயன மருந்து டிரம்களை வாங்கி, கழுவி, வீடுகளுக்குத் தண்ணீர் பிடித்துவைக்க விற்கும் கிடங்கு.

"இந்த எடத்துல எடுக்க வேணாம், வா போயிடலாம்" என்றேன்.

"இத விட்டுட்டா மத்த பாட்டில் எல்லாம் பொய்யாயிடும்டி" என்று குனிந்தாய். பாட்டிலை நிரப்பி மூடினாய். மறுநாள் அந்தப் புள்ளிதான் எல்லாவற்றையும்விடக் கருப்பு.

அன்று சாயங்காலம் உன்னைத் தனியாக விட மனம் வராமல் நானும் உன் வீட்டுக்கு வந்தேன். அத்தா நீ சொன்னதை முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை. "வாசம் போவத்தானேம்மா சோப்பு போட்டுத் தேய்க்கச் சொல்றேன்?" என்றார், குழம்பிப்போய்.

"வாசம் எங்கத்தா போவும்? ஆத்துக்குத்தான். டிரம்முல தங்குனது குடிக்கிறவங்களுக்கு."

அவர் எழுந்து தொழுகைக்குப் போய்விட்டார். நீ சாப்பிடவில்லை. ஆய்வகத்தில் அறிக்கை கொடுத்தபோது கிடங்கு யாருடையது என்பதையும் நீயே சொன்னாய்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தா மாட்டுவண்டி பிடித்துக்கொண்டு வந்தார். விற்ற டிரம்களைத் திரும்ப வாங்க, வில்லியனூரிலிருந்து ஒதியம்பட்டு வரைக்கும் வீடு வீடாகப் போனோம். பலர் கொடுத்தார்கள், சிலர் திட்டினார்கள். ஒதியம்பட்டில் ஒருத்தி மட்டும் டிரம்மைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இத்தினி நாளா இதுலதான் குடிக்கிறோம். இன்னா ஆயிட்டோம்? எவன் சொன்னான் இதுல வெசம்னு?"

நீ பதில் சொல்ல வாயெடுத்தாய். அதற்குள் அத்தா வண்டியிலிருந்து இறங்கி வந்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "எம் பொண்ணு சொல்லுதும்மா. அது கண்ணால பாத்துது. குடுத்துடு."

நீ சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாய். முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்ததை நான் பார்த்தேன், பார்க்காததுபோல இருந்தேன்.

கிடங்கு மூடிய பிறகு அத்தா கோணிப்பை வியாபாரத்துக்கு மாறினார். பழைய வசதி வரவில்லை. உன்னைக் குறைசொல்லி ஒரு வார்த்தையும் அவர் பேசவில்லை. கோடையில் அஞ்சலையின் மீன் மீனாகவே மணந்தது.

அதற்குப் பிறகு வேலையில் இருந்தவரை எத்தனையோ தண்ணீரைச் சோதித்தேன். வேண்டியவர்களின் ஊர்த் தண்ணீரும் அதில் இருந்தது. முடிவை மெல்லச் சொல்லிவிட்டுப் போகலாமா என்று நினைத்தபோதெல்லாம், ஒரு தகப்பன் நடுத்தெருவில் நின்று தன் நஷ்டத்தைப் பெருமையாகச் சொன்ன அந்தக் குரல் கேட்கும். நான் உரக்கவே சொல்லிவிடுவேன்.