சவரிமுத்துவின் சுறாப்பல்

என் அருமை மச்சான் சவரிமுத்துவுக்கு,

நீ சுகமாகத்தான் இருப்பாய். இருக்காமல் என்ன? வெயிலில் அலைகிறவன் நான்தானே.

நீ கண்ணை மூடிய முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே உன் தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அரியலூர்ப் பக்கம் ரயில் பாதைக்குச் சல்லி போடும் மேஸ்திரியாக இருந்த காலத்தில், பள்ளம் பள்ளமாக இறங்கி நீ பொறுக்கிய கல்லாய்ப் போன பற்கள். அதில் ஒன்று மாமிசம் தின்ற ராட்சதப் பல்லியுடையது என்று பன்னிரண்டு வருஷம் சாதித்தாய். காசிமேட்டில் பார்த்தவர்கள் எல்லோரும் சுறாப்பல் என்றார்கள். தினமும் சுறா அறுக்கிற ஜனங்கள். நான் யாரை நம்புவது? இந்தப் பத்திரிகையிலேயே உன்னைச் 'சுறாப்பல் சவரிமுத்து' என்று எழுதி ராயபுரத்தையே சிரிக்க வைத்தேன்.

படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்தாய். "படிச்சவன் எவன்கிட்டயாவது அந்தப் பல்லைக் காட்டு மச்சான். நான் புளுகன் இல்லன்னு ஒருத்தனாவது சொல்லட்டும்" என்றாய். எந்தப் பல் என்று கேட்டேன். இருமினாய். அதோடு சரி. இது என்ன நியாயம்? சாகிற மனுஷன் ஒரு சீட்டு ஒட்டி வைக்கக் கூடாதா?

நீ சொல்லித் தந்த ஒரே பாடம் ஞாபகம் இருந்தது. "நகத்துல இசுத்துப் பாரு. ஓரம் ரம்பம் மாதிரி கீதா? அதான் கறி துன்ற ஜாதி." டப்பாவிலிருந்த அத்தனையையும் நகத்தில் இழுத்தேன். ஐந்து தேறின. என் கட்டைவிரல் நகம் தேறவில்லை.

செத்த காலேஜ் என்று நம் ஜனங்கள் சொல்லும் மியூசியத்தில், பழைய எலும்புகளை ஆராய்கிற ஒரு மூக்குக் கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "ஐந்தும் சுறா" என்றார்.

"ரம்பம் இருக்கிறதே, ஐயா?"

"சுறாவுக்கும் இருக்கும். இதைப் பாருங்கள், தகடு மாதிரி தட்டை. அடியில் இரண்டு கால் விரித்து நிற்கிறது. மாமிசம் தின்ற டைனோசர் பல் வேறு. பின்பக்கம் வளைந்த பேனாக்கத்தி மாதிரி இருக்கும். முன் ஓரம், பின் ஓரம் இரண்டிலும் பொடிப்பொடியாக ரம்பம். அடியில் கால் இராது, குழிதான் இருக்கும்."

தொடை எலும்பு என்று நீ கும்பிடாத குறையாக வைத்திருந்தாயே, அதையும் நீட்டினேன். "இது கல்லாகவே ஆகவில்லை. எருமை" என்றார். எனக்குப் போன மானத்தை நீ அங்கிருந்து வாங்கித் தருவாயா?

டிராமில் திரும்பும்போதுதான் பொறி தட்டியது. வளைந்த பேனாக்கத்தி! உன் பேத்தியின் ஞானஸ்நானத்தன்று அவள் அரைஞாண்கயிற்றில், மாதா உருவம் பொறித்த சின்னப் பதக்கத்துக்குப் பக்கத்தில் ஒன்று தொங்கவில்லை? செம்படவர் வீட்டுக் குழந்தை பயந்துகொள்ளாமல் இருக்கக் கட்டுகிற சுறாப்பல் என்று நினைத்திருந்தேன்.

கல்மண்டபத்தில் உன் மகள் பிலோமினா வீட்டுக்கு ஓடினேன்.

"இது ஏதும்மா?"

"நைனாதான் மாமா கட்டி வுட்டாரு. அவரே ஓட்டை போட்டு."

"என்ன பல் என்று சொன்னான்?"

"இன்னா மாமா கேள்வி? சுறாப்பல்தான். பேய்ப்பல் எதுனா கட்டிடப் போறே நைனான்னு கேட்டேன். மாதா மேல சத்தியமா சுறாதாம்மான்னாரு."

அடப்பாவி! பன்னிரண்டு வருஷம் என்னிடம் ஒரு தடவையாவது சொன்னாயா அந்த வார்த்தையை? சொல்லியிருந்தால் ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்திருப்பேனே! மகளிடம் சத்தியமே செய்துவிட்டாயா?

பிலோமினா கயிற்றை அவிழ்க்கச் சம்மதிக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரரையே கல்மண்டபத்துக்கு அழைத்து வந்தேன். அவர் மண்டியிட்டுக் குழந்தையின் இடுப்பில் பூதக்கண்ணாடியை வைத்தார். உன் பேத்தி அவர் சட்டைக் கையை நனைத்தாள். அவர் நகரவில்லை. ஓரத்தைப் பார்த்தார், திருப்பி அடிக்குழியைப் பார்த்தார். என் காதோரம் வந்து மெதுவாக, "அதுதான். உங்கள் மச்சான் சொன்னது சரி" என்றார்.

ஒருத்தன் சொல்லிவிட்டான், மச்சான். கேட்டாயா?

"இன்னா சொல்றாரு மாமா? நல்ல பல்லுதானே?" என்றாள் பிலோமினா. குழந்தை கயிற்றின் தொங்கும் நுனியோடு அதை இழுத்து, பல் முளைக்காத ஈறால் கடித்துக்கொண்டிருந்தது.

"சுறாதாம்மா. நல்ல பெரிய சுறா" என்றேன்.

பன்னிரண்டு வருஷம் உன்னைச் சீண்டுவதற்காக நான் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக உன் பக்கம் நின்று சொன்னேன்.

அந்தக் கயிறு அவளுக்குப் போதாமல் போகும் நாளில், பல்லை நானே மியூசியத்துக்குக் கொண்டுபோய், சீட்டில் உன் பெயரை எழுதவைத்துவிட்டுத்தான் திரும்புவேன். பிலோமினா இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை. படிக்கிற நீங்களும் அதுவரை வாயைத் திறக்காதீர்கள். எருமையைப் பற்றி மட்டும் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம்.

இப்படிக்கு,
உன்னிடம் தோற்றுப்போன மச்சான்,
உன் பெண்டாட்டி திரேசாவின் அண்ணன்