அக்கா கொடுத்த நெருஞ்சில் பொடி

குமாரபாளையம்,
புரட்டாசி, செவ்வாய்.

அன்புள்ள மாமாவுக்கு மலர்விழி எழுதுறதுங்க.

போன் இருக்கக் கடுதாசி எதுக்குன்னு கேப்பீங்க. போனை எடுத்தாலே பக்கத்து ஊட்டுல இருந்து உங்கக்கா கமலவேணி வந்து உட்கார்ந்துக்கறாங்க. அதான் உங்ககூட போர்வெல் வண்டி வேலைக்கு வர்ற வீரன் அண்ணன்கிட்ட இதைக் கொடுத்து விடுறேன். தனியா இருக்கும்போது படிங்க.

எனக்கு மறுபடியும் நீர்க்கடுப்புங்க. தறிப்பட்டறையில கக்கூஸ் இல்லைன்னு நாங்க யாரும் பகல் முழுக்க சொட்டுத் தண்ணி குடிக்கறதில்ல. உங்கக்கா விக்கிற நெருஞ்சில் பொடியைத்தான் அத்தனை பேரும் குடிக்கறோம். மறுநாளே எரிச்சல் நின்னுரும், பத்து நாள்ல திரும்ப வந்துரும். இந்தத் தடவை நானே நெருஞ்சிலும் சிறுபீளையும் பறிச்சுக் காய்ச்சிக் குடிச்சேன். நீர் நல்லாப் போச்சு, எரிச்சல் மட்டும் போகல. அதே செடிதானே, அவங்க கையில மட்டும் என்ன மந்திரம்?

குளிர்காய்ச்சல் வந்து ஆசுபத்திரிக்குப் போனேன். மூத்திரத்தைச் சோதிச்ச டாக்டரம்மா ஒரு மாத்திரை பேரைச் சொல்லி, அதை அரைகுறையா அடிக்கடி சாப்பிட்டியா, கிருமி அதுக்கு மசியவே மாட்டேங்குதேன்னு கேட்டாங்க. நான் அதைக் கண்ணால பார்த்ததில்லைங்க. சாப்பிடாதவங்களுக்கும் இப்படி வரலாம்னு அவங்களே சொன்னாங்க. மூலிகைத் தண்ணி குடிச்சதைச் சொன்னேன், அதுக்கும் வையல. அது கிருமியைக் கொல்லும்னு சரியான ஆதாரம் இல்ல, அதை நம்பி வைத்தியத்தைத் தள்ளிப் போடாதேன்னாங்க.

என் மனசு கேக்கல. உங்கக்கா பொடி அரைக்கிற மிக்சிக்குப் பின்னால பார்த்தேன். அதே பேர் போட்ட காலி அட்டை, ஒரு பை நிறைய. கேட்டதுக்கு மூட்டுவலி மாத்திரைன்னு முறைச்சாங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனைச்சாங்களாக்கும்!

மெடிக்கல்ல விசாரிச்சேன். ஆடிக்கு ஊருக்கு வந்தப்போ நீங்கதான் அந்த மாத்திரையை டப்பா டப்பாவா வாங்கிட்டுப் போனீங்களாம்.

இப்போ நம்ம பிரியாவும் எரியுதுன்னு அழறா. ஏழு வயசுப் புள்ளைங்க. உங்கக்கா பொடியைக் கலக்கிட்டு வந்தாங்க, டம்ளரைத் தட்டி விட்டுட்டேன். ஊடே ரெண்டாயிருச்சு. நாளைக்கு டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறேன், யார் தடுத்தாலும் சரி. ஆடியில ரெண்டு நாள் அவளை உங்கக்கா ஊட்டுல விட்டீங்களே, அப்பவே கொடுத்தாங்களா? நீங்க பார்த்தீங்களா?

மாமா, அந்த மாத்திரை எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க. வேற எதுவும் வேண்டாம். நான் நம்பிக்கறேன்.

பாறைத் தூசி போகாம மூக்குல துண்டு கட்டிக்கங்க. தண்ணி நிறையக் குடிங்க.

உங்க
மலர்விழி