கணினிக்கு வைத்த பொட்டு

9 செப்டம்பர் 2025, செவ்வாய்

பார்சல் வந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்ப்யூட்டராம். சுங்க வரியோடு ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம். பெட்டியைப் பிரித்துக்கொண்டேதான் என் வீட்டுக்காரர் விலையைச் சொன்னார். மகள் அபிநயா பத்தாவது படிக்கிறாள், மாடியில் அவளுக்கு ஒரு அறை போடலாம் என்று நான் சீட்டுக் கட்டிச் சேர்த்து, இருவர் பெயரிலும் போட்டு வைத்த பணம். அவர் எடுத்தது எனக்குத் தெரியாது.

கோபம் வர வேண்டும். வரவில்லை. போய் சாம்பாருக்குத் தாளித்தேன்.

11 செப்டம்பர்

என்னதான் பொருள் இது? கீபோர்டை விடக் கொஞ்சம் தடித்த ஒரு கறுப்புப் பெட்டி. டிவியில் மாட்டினால் நீலத் திரை வரும். இன்டர்நெட் கிடையாது. பதினாறு நிறம். ஜக்கார்டு தறிக்கு டிசைன் அட்டை அடிக்கும் அவர் கடையில் இருபதாயிரத்துக்கு வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அது செய்வதில் நூறில் ஒரு பங்குகூட இது செய்யாது. போலந்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வீட்டிலேயே உட்கார்ந்து கையால் செய்கிறார்களாம். மொத்தமே முந்நூறுதான்.

"முந்நூறு பேருக்குச் செய்யறதும் மூணு கோடி பேருக்குச் செய்யறதும் ஒரே வெலையா இருக்கும்?" என்றார்.

யாரிடம் சொல்கிறார்! நான் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் பில் போடுகிறவள். விசைத்தறியில் இதே மாதிரி சேலை நாலாயிரத்துக்குக் கிடைக்கிறதே என்பவர்களிடம் கைத்தறியின் இருபத்தெட்டாயிரத்துக்கு நியாயம் சொல்லியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஆனால் சேலையைக் கட்டிக்கொள்ளலாம். இதை?

14 செப்டம்பர், ஞாயிறு

காலையிலிருந்து அதன் முன்னால்தான். மூன்று மணி நேரத்தில் அதைத் திரையில் ஒரு கோடு வரைய வைத்தார்.

"இதுக்குள்ள நடக்கற ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும் சங்கீதா. கடையில கீற கம்ப்யூட்டர்ல எனக்கு இன்னா தெரியும்?"

சிரித்தார். அப்படி அவர் சிரித்து வருடக்கணக்காகிறது. பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

22 செப்டம்பர்

ஹாலில் அத்தை சீரியல் பார்க்கிறார். அபிநயா மாடிப்படியில் உட்கார்ந்து கொசுவை அடித்தபடி படிக்கிறாள்.

1 அக்டோபர், ஆயுத பூஜை

கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றித் தூசி தட்டிவிட்டுக் குளிக்கப் போனார். அரிவாள்மணை, மிக்ஸி, வண்டி, கடையின் பஞ்சிங் மெஷின் — எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். இதற்கும் வைத்தேன். உள்ளே. பிறகு மூடியைப் போட்டுவிட்டேன்.

கற்பூரம் காட்டி ஸ்விட்சைப் போட்டார். ஒரு நொடி நீலம் வந்தது. பிறகு கறுப்பு. மூடியைத் திறந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மெஷினு உள்ளதான கீது, அங்கதான வெப்பாங்க. அவளுக்கு இன்னா தெரியும், வுடுப்பா" என்றார் அத்தை.

அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பொரி கடலை நமுத்துப்போனதுதான் மிச்சம்.

2 அக்டோபர்

அவளுக்கு இன்னா தெரியும்.

தெரியும். சங்கத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருக்கிறேன். அதன் மேல் டீ சிந்தினால் என்ன ஆகும் என்று தெரியாதா? சந்தனத்தைத் தண்ணியாகத்தான் குழைத்தேன்.

எழுதிவிட்டேன். எழுதியும் ஒன்றும் ஆகவில்லை.

8 அக்டோபர்

முக்கியமான சிப் போய்விட்டதாம். போலந்துக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறார். அந்தச் சிவப்பு என்ன என்று கேட்டார்களாம். உழைக்கும் கருவிக்கு எங்கள் ஊரில் செய்யும் மரியாதை, என் மனைவி வைத்தாள் என்று எழுதினாராம்.

அந்தப் பெண்டாட்டி அனுப்பிய பதிலை இன்று படித்துக் காட்டினார். நாங்கள் செய்த எதையும் இதுவரை யாரும் கும்பிட்டதில்லை. அந்தச் சிப் இப்போது எங்கும் தயாராவதில்லை, எங்களிடம் மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதை உங்கள் மனைவிக்குப் பரிசாக அனுப்புகிறோம்.

ஐயோ சங்கீதா, ஏன்டி இப்படிப் பண்ண? அவங்ககிட்ட கெடந்ததே ஒண்ணே ஒண்ணு. அதை எனக்குப் போயி —

9 அக்டோபர்

சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

18 அக்டோபர்

சங்கத்தில் தீபாவளிக் கூட்டம். ஒரு அம்மா விலையைப் பார்த்துவிட்டு, "அப்படி இன்னாமா கீது இதுல?" என்றார். எப்போதும் சொல்வது இன்று வாயில் வரவில்லை. செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். மேனேஜர் முறைத்தார்.

2 நவம்பர், ஞாயிறு

நேற்று சிப் வந்தது. இன்று காலை ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷுமாக உட்கார்ந்து உள்ளே எல்லாவற்றையும் தேய்த்தார். புதுச் சிப்பைப் பக்குவமாக அழுத்திப் பொருத்தினார்.

"மூணு எடத்துல வெச்சிருந்த. மூணும் சுத்தமா போயிடுச்சு" என்று ஸ்விட்சுக்குக் கையை நீட்டினார்.

மூன்று இல்லை. அவர் கண்ணில் படாத ஒன்று இருந்தது. பேசாமல் இருந்தால் இந்தச் சிப்பும் போய்விடும், இனி எவரிடமும் இல்லை. பேசினால் நான் யார் என்று தெரிந்துவிடும். எத்தனையோ நாளைக்குப் பிறகு பயந்தேன்.

"போடாதீங்க. நாலு வெச்சேன்."

"எங்க?"

"கீபோர்டைத் தூக்கி, அதுக்கு அடியில."

ஸ்குரூவை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இருந்தது, சந்தனம் வழிந்து காய்ந்துபோய். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க யாரும் பொட்டு வெக்க மாட்டாங்களே சங்கீதா."

"மாட்டாங்க" என்றேன்.

பிரஷைக் கீழே வைத்தார். நான் எடுத்துத் தேய்த்தேன். அவர் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஸ்பிரிட் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.