தம்புரானின் வெட்டுப்பாட்டு

அன்பு மக்கா சுஜித்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே கனடாக் குளிரில் நீயும், ஆறு மாதம் முழுகாமல் இருக்கும் கிருஷ்ணப்ரியாவும் ஒரு நோவும் அண்டாமல் இருக்க வேண்டும். கும்பப்பூ அறுப்பு முடிந்து நெல் நனையாமல் வீடு வந்தது. அப்பாவுக்கு முட்டுவலி, தைலம் தேய்க்கச் சொன்னால் கேட்க மாட்டார், பிடிவாதத்தில் நீ அவர் பிள்ளைதான். போனில் சொன்னால் "போம்மா" என்று சிரிக்கிறாய், அதனால்தான் எழுதி, படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். முழுசாகப் படி.

நீ வரைந்து செய்த கேமை ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் போனில் ஏற்றிவிட்டார்கள். பத்மநாபபுரம் அரண்மனை மாதிரி மரத்தூண், தென்னந்தோப்பு, கல்மண்டபம் எல்லாம் என் மகன் கை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஆட்டத்தில் தோற்கும்போதெல்லாம் நம் குலதெய்வம் கரைக்காட்டுத் தம்புரானின் வில்லுப்பாட்டு வருகிறதே, ராஜாவின் ஆட்கள் அவரைக் கால்வாய்க்கரையில் வெட்டுகிற இடம், கத்தி ஓங்கியதோடு நின்றுவிடுகிறதே, அதைக் கேட்டதும் பிள்ளை கையிலிருந்த போனைப் பிடுங்கி அணைத்துவிட்டேன். தப்பு உன்னுடையது இல்லை. நீ கேட்டாய் என்று இரண்டு வருஷம் முன்பு கோயில் கொடைவிழாவில் ராஜபாய் அக்கா பாடியதைப் பதிவு பண்ணியது நான்தானே. அந்த நேரம் பார்த்துப் பொங்கல் பொங்கி வழிய, போனை அணைத்து இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடினேன். வெட்டுப்பட்டவர் கைலாசம் போய் வரம் வாங்கித் தெய்வமாகத் திரும்புகிற பாட்டு அதில் இல்லை. வெட்டைப் பாடினால் வரத்தையும் பாடித்தான் வில்லை இறக்க வேண்டும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்குப் புத்தி போகவில்லை. இப்போது அவர் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை சாகிறாரோ, ஒரு தடவைகூடத் தெய்வமாகவில்லை.

இந்தப் பங்குனிக் கொடையில், உச்சி வெயில் நேரம், ராஜபாய் அக்கா வெட்டு வரைக்கும் கணீரென்று பாடினாள். வரம் கேட்கும் அடி வந்ததும் குரல் நின்றுபோயிற்று. "பொறவு ஆரோ தொண்டையப் பிடிச்ச மாரி இருக்கு" என்று காற்றாகச் சொன்னாள், இன்றுவரை அவளுக்குப் பேச்சு வரவில்லை. அப்போது சாமியாடும் நாராயணபெருமாள் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே நம் குடும்பத்தின் முன்னால் வந்து நின்றார். "என்னய வெட்டுப்பட்ட கெடையிலே போட்டுட்டுப் போனது ஆரு? பேரச் சொல்லு" என்று கேட்டார். சாமியையெல்லாம் கேலி பேசுகிற உன் அப்பா முகம் வெளுத்து வாயைத் திறந்தார், உன் பெயர்தான் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் முந்திக்கொண்டு, "நாந்தான் தம்புரானே, எனக்க மவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று விழுந்துவிட்டேன். "நாப்பத்தொரு நாளு தாறேன்" என்றார். எல்லாருக்கும் திருநீறு போட்டார். எனக்குப் போடவில்லை.

இன்றைக்கு முப்பத்து மூன்றாம் நாள். அந்தப் பாட்டால்தான் கேம் ஓடுகிறது, கம்பெனி எடுக்கவிடாது என்கிறாய். எடுத்துவிடு மக்கா, அம்மா உன்னிடம் வேறு என்ன கேட்டிருக்கிறேன்? கிருஷ்ணப்ரியாவிடம் ஒன்றும் சொல்லாதே, அவளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடு, மாடிப்படியில் பார்த்து இறங்கச் சொல். முந்தாநாளிலிருந்து எனக்கு வெந்நீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. அப்பாவுக்குத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே. உன்மேலும் பிறக்கப்போகும் பிள்ளைமேலும் வராமல் என்மேல் வந்ததே, எனக்கு அது போதும்.

மூன்று பேரும் நூறு வயசு இருங்கள்.

உன் அம்மா
பகவதி