எதிர்ச் சுவர்

மார்ச் 3

ரயிலில் எதிர் இருக்கை காலி. அக்காவுக்காக எடுத்தது. காலையில் போன் செய்து, "எனக்கு முட்டி வலி. நீ போ. உனக்குத்தான் ஆளைவிடக் கட்டடம் முக்கியமாச்சே" என்று சொல்லி வைத்துவிட்டாள். முட்டி வலிக்கும் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்த இருக்கையில் பையை வைத்தேன்.

மார்ச் 4

பழைய நூலகம். படிக்கட்டு இரண்டாகப் பிரிந்து மேலே போய் மறுபடி சேர்கிறது. கைப்பிடி வளைகிற இடத்தில் ஓர் இணைப்புகூடத் தெரியவில்லை. வேலையில் சேர்ந்த நாள்முதலாய்க் கார் நிறுத்துமிடமும் கழிவறையுமே வரைகிற எனக்கு வயிற்றெரிச்சல். "பாரேன்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் திரும்பினார். சட்டென்று கைபேசியைக் காதில் வைத்துப் பேசுவதுபோல் நடித்தேன். இது தேவையா எனக்கு?

மார்ச் 5

அக்கா அழைக்கவில்லை. நானும்தான்.

மார்ச் 6

வந்ததே இந்த வட்ட மண்டபத்துக்காக. சுவரோரம் நின்று கிசுகிசுத்தால் நேர் எதிர்ச் சுவரில் தெளிவாகக் கேட்குமாம். நடுவில் நிற்பவருக்குக் கேட்காதாம். கழுத்து வலிக்கக் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தேன். எல்லாம் சரி, இதற்கு இரண்டு பேர் வேண்டுமே! எந்தக் கட்டடமும் என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை. யாரையாவது கேட்கலாம்தான்... "சார், கொஞ்சம் அந்தப் பக்கம் போய்க் காதை வைங்க"ன்னா கேக்கறது?

கூட்டம் குறைந்ததும் சுவரிடம், "அக்கா, நீ வந்திருக்கலாம். தனியாப் பாக்க நல்லாவே இல்ல" என்றேன்.

சுவர் பதில் சொன்னது. "அக்கா இல்லீங்க. மெதுவாப் பேசுங்க, குழந்தை இப்பதான் தூங்குது."

எதிரே ஒருவர், தோளில் குழந்தையோடு சுவரில் சாய்ந்திருந்தார். சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். வாசலில் அழுகை வந்துவிட்டது.

மார்ச் 7

மண்டபம் திறந்ததும் உள்ளே போய் அக்காவை அழைத்தேன். எடுத்தாள். "வைக்காதே, இரு" என்று சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு, சுவரோரப் பெஞ்சில் கைபேசியை வைத்தேன். யாராவது தூக்கிக்கொண்டு போனால் போகட்டும். சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்தேன்.

"அக்கா, கேக்குதா?"

சுவரில் காதை வைத்தேன். பிறகு, பக்கத்தில் நிற்பதுபோல அவள் குரல்.

"முட்டி வலியெல்லாம் ஒண்ணுமில்லடி. உன்கூட வந்தா நீ கட்டடத்தையே பாத்துட்டிருப்ப. நான் உன்னையே பாத்துட்டிருக்கணும்."

கண்ணை மூடிச் சுவரில் காதை வைத்தபடியே நின்றேன். குவிமாடம் அதுபாட்டுக்கு மேலே இருந்தது.